கூப்பிடு தூரத்தில் சட்டம்

'புகார்' என்னுஞ் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பழந்தமிழில் அஃது ஆறு கடலொடு கலக்குமிடத்தின் பெயர். முறையீடு என்னும் பொருளில் வழங்குவது உருது வழி வந்த வேறு சொல்; கூவி அழைத்தல் என்பது அதன் மூலப்பொருள். கூவுவோர் உண்டெனில், கேட்குஞ் செவி கூப்பிடு தூரத்தில் இருத்தல் வேண்டும்.

கடந்த முந்திரிப் பருவத்தில், நம்மிடம் ஓதும் மாணவியொருத்தியின் தாயார் களத்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். காரணம் வினவினோம். "மேஸ்திரி பேச்சு சரியில்லைங்க அசரத்து" என்றார். புகார் செய்யலாமே என்றோம். "யார்கிட்ட?" என்றார். சொல்லுக்குப் பொருளுரைக்கத் தெரிந்த நமக்கு அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. அந்த நாணமே, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கெதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரி வரியாகப் படிக்க நம்மைத் தூண்டிற்று.

இச்சட்டத்தின் வேர் ஒரு சிற்றூரில் உள்ளது. ராஜஸ்தானத்தின் படேரியில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியம் புரிந்த பன்வாரி தேவி, 1992-இல் குழந்தைத் திருமணமொன்றைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழியாகத் தாம் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாக அவர் முறையிட்டார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை அக்குற்றத்தினின்று விடுவித்தது. விசாகா முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாட, 1997 ஆகஸ்டு 13-இல் பணியிடங்களுக்கான நெறிமுறைகள் பிறந்தன. பதினாறாண்டு கழித்தே அவை சட்டமாயின.

நூலின் நலத்தை முதற்கண் கூறுவோம். தினக்கூலி, ஒப்பந்தக்கூலி, வீட்டுவேலை செய்வோர், ஊதியமின்றி உழைப்போர் ஆகிய அனைவரையும் இது தழுவுகிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவரே அதற்குத் தலைவர். பத்துக்குக் குறைந்த இடத்தார்க்கும், முதலாளி மீதே முறையிடுவோர்க்கும் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு. எழுதத் தெரியாதவளுக்கு எழுத்து வடிவில் முறையிட உதவுதல் குழுவின் கடமை.

குறைகளும் உள. மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். தக்க காரணமிருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டலாம். பருவக்கூலிக்காரி, கூலி போய்விடுமென்றஞ்சிப் பருவம் முடியும்வரை வாய் திறவாள். வாய் திறக்கும்போது காலம் கடந்திருக்கும். தீய எண்ணத்தோடு பொய்ப்புகார் தருவோர்க்கு நடவடிக்கை என்று ஒரு பிரிவு கூறுகிறது. மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே பொய்யாகாது என்று அதே பிரிவு தெளிவுறுத்தியும், அஞ்சியவள் செவியில் முற்பாதியே விழும்.

இவற்றினும் பெரிய குறை தொலைவு. பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் 2023-இல் காலணித் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. அரியலூரிலோ சிமெண்டு ஆலைகள் பல. அத்தகைய பேராலைகளில் "உள்ளகக் குழு எங்கே?" என்று வினவ இயலும். வேப்பந்தட்டையில் நாலைந்து பேராய்ப் பருத்தி எடுப்போரும், ஆண்டிமடத்தில் முந்திரி உடைப்போரும் எங்கே வினவுவர்? இதற்கும் சட்டம் வழி வகுத்துள்ளது: ஊரகப் பகுதியில் ஒன்றியந்தோறும் ஓர் அலுவலரை நியமித்து, அவர் பெறும் முறையீட்டை ஏழு நாளில் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்பச் செய்தல் வேண்டும். கூப்பிடு தூரம் என்று நாம் சொன்னது இதனையே.

ஆயினும் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினோராண்டு நிறையும் தறுவாயில், 2024 டிசம்பர் 3-இல், மாவட்ட அலுவலரை அம்மாத இறுதிக்குள் நியமிக்குமாறும், 2025 சனவரி இறுதிக்குள் உள்ளூர்க் குழுக்களை அமைக்குமாறும் உச்ச நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. ஏட்டில் இருந்த செவி ஊரில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பதவி ஓர் அமானிதம் என்பதை நம்மவர் அறிவர். கூலிக்கு ஆள் வைப்போர் யாவரும் அதற்குட்பட்டோரே. நாம் வேண்டுவது புதிய சட்டமன்று. ஒன்றிய அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் நியாயவிலைக் கடைச் சுவரிலும், பருத்தி எடை போடுமிடத்திலும், முந்திரிக் களத்து வாயிலிலும் பெரிய எழுத்தில் விளங்க வேண்டும். "யார்கிட்ட?" என்று இனியொருத்தி வினவுங்கால், அச்சுவரைக் காட்டி நாம் விடை கூற வேண்டும்.