பளிக்கறை மண்டபமும் மெய்நிகர் உலகும்

இன்னும் கட்டப்படாத கட்டடத்துக்குள் நடந்து பார்க்கலாம் என்கிறது இன்றைய அறிவியல். கண்களை மறைக்கும் கருவி ஒன்றைத் தலையில் அணிந்துகொண்டால், கணினி வரைந்த கூடமும் படிக்கட்டும் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. இதனை மெய்நிகர் உலகு என்பர். கட்டடக் கலையையும் பொறியியலையும் இது அடியோடு மாற்றிவிடும் என்பாரும் உளர். அக்கூற்றை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்று ஆராய, நம் பழந்தமிழ் நூல்கள் இரண்டு துணைபுரிகின்றன. இக்கருவியை நம் முன்னோர் முன்பே கண்டனர் என்று பெருமை பேசுவது என் நோக்கமன்று. ஒரு கட்டடத்தைக் காண்பதற்கும் அதனை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நூல்கள் தெளிவாக உணர்த்துகின்றன. அதுவே நமக்கு வேண்டுவது.

முதலாவது, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை. அரண்மனை எழுந்த முறையை நக்கீரர் அதில் கூறுகிறார். நண்பகலில் இரு கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத பொழுதை அறிந்து, திசை வரையறுத்தனர். பின்னர் நூல் வல்லோர் கயிறிட்டு மனை வகுத்தனர். இது சித்திரைத் திங்களில் நிகழ்வது என்பது நச்சினார்க்கினியர் உரை. மதுரைக்கு அது பொருந்தும். நம் மலாக்காவில் கதிரவன் நேர் உச்சிக்கு வருவது மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் ஆகும். ஆகவே, நக்கீரர் காட்டும் வரைபடம் அந்தந்த மண்ணின் வெயிலையும் நிழலையும் கேட்டுப் பிறப்பது.

இரண்டாவது, மணிமேகலை. உவவனத்தில் உள்ள பளிக்கறை மண்டபத்துக்குச் சாத்தனார் கூறும் இயல்பு வியக்கத்தக்கது. உள்ளே இருப்பாரின் உருவம் வெளியே தெரியும். அவர் குரல் வெளியே வாராது. உதயகுமரன் வரவே, மணிமேகலை அதனுள் மறைகிறாள். அவன் அவளைக் காண்கிறான். வாயில் காணாமல் சுவரைத் தடவுகிறான். உருவம் முழுவதும் கண்முன் இருந்தும் அவளை அவன் அறிந்தானில்லை.

இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு மெய்நிகர் உலகை நோக்குவோம். 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக் கருவியைச் செய்துகாட்டினார். அதன் எடை மிகுதியால், கூரையிலிருந்து தொங்கும் தாங்கியில் அதனைப் பிணைக்க நேர்ந்தது. இன்று அது கையில் எடுத்துச் செல்லும் பொருளாகிவிட்டது. மலேசியாவிலும் 2019 முதல் 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட அரசுக் கட்டுமானங்களுக்குக் கட்டடத் தகவல் மாதிரி வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சுவர், தூண், குழாய், மின்கம்பி ஆகிய ஒவ்வொன்றின் அளவையும் பொருளையும் ஒரே கணினி மாதிரியில் பதிப்பது அம்முறை. தண்ணீர்க் குழாய் உத்தரத்தில் முட்டுமானால், சிமெந்து இறுகுமுன்பே கணினி அதனைக் காட்டிவிடும். உயரத்தில் வேலை செய்யவேண்டிய தொழிலாளி, விழும் அச்சமின்றிப் பயிற்சி பெறலாம். இவை உண்மையான பயன்கள்.

ஆயினும், இவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. வரைபடமும் ஒரு மொழியே. அதைப் படிக்கத் தெரிந்தவர் சிலர். ஒருமுறை பள்ளியின் புதிய கட்டடத்துக்கான வரைபடத்தை என்னிடம் காட்டினார்கள். நானும் பார்த்தேன், தலையசைத்தேன். கட்டி முடிந்த பிறகுதான், நடைவழி மேற்கு நோக்கியிருப்பது எனக்கு உறைத்தது. விடியற்காலையில் சுமத்ராக் காற்று மழையோடு வீசும்போதெல்லாம் பிள்ளைகளின் காலணிகள் நனைந்தன. மெய்நிகர் உலகில் நடந்திருந்தால் நடைவழியின் திசையை நான் கண்டிருப்பேன். ஆனால் அந்த மழை அங்கே பெய்திராது. மழை எப்பக்கமிருந்து அடிக்கும் என்று பள்ளிக் காவலர் சொல்லியிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பழங்கட்டடங்களை மீட்டுக் காட்டுவதிலும் இதே குறை நேரக்கூடும். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையை ஆங்கிலேயர் 1807 முதல் இடித்தனர். இன்று எஞ்சி நிற்பது ஒரு வாயில். 2006இல் சுழல் கோபுரத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. இக்கோட்டையைக் கணினியில் முழுமையாக எழுப்பலாம். ஆனால் கண்டெடுத்த கல் எது, பழைய ஓவியத்தைப் பார்த்து ஊகித்த சுவர் எது என்று அக்காட்சி தானே சொல்லாது. பாரிசு நகரின் நோத்ர தாம் பேராலயத்தின் நிலை வேறு. 2019இல் அது தீப்பற்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் லேசர் கருவியால் அதனை அளந்து வைத்திருந்தார். அவ்வளவுகள் மீட்புப் பணிக்கு உதவின. அங்கே காட்சிக்குப் பின்னே அளவு நின்றது. நம் கோட்டையைக் காட்டுவோர் ஊகத்தை வேறு நிறத்தில் தீட்டிக் காட்டுவதே நேர்மையாகும்.

ஆகவே, மெய்நிகர் உலகு கட்டடத் தொழிலை மாற்றும் என்பதில் ஐயமில்லை. அம்மாற்றம் நன்மையாவது, கட்டடத்தில் வாழப்போகிறவர் அதனுள் நடந்து, ‘இது வேண்டா’ என்று சொல்லவும், அச்சொல்லுக்காக வரைபடம் திருத்தப்படவும் இடமிருந்தால்தான். தோட்டத்து லயங்களை வரைந்தவர் அவற்றில் வாழ்ந்தவரைக் கேட்டதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பின் கண்ணாடியை மாட்டிவிட்டு அழகு காட்டுவது, பளிக்கறைக்கு வெளியே நம்மை நிறுத்துவதாகும்.

விலையுயர்ந்த கருவி இல்லாத பள்ளிகளும் இம்முயற்சியைத் தொடங்கலாம். புதிய கட்டடத்தின் வரைபடம் கைக்கு வந்ததும், அதே அளவில் திடலில் கயிறிட்டு வகுப்பறைகளைக் குறியுங்கள். மாணவரையும், சிற்றுண்டிச் சாலையில் சமைக்கும் அம்மாவையும், காவலரையும் அதற்குள் நடக்கச் செய்யுங்கள். அவர்கள் கூறும் குறைகளை எழுதி, வரைபடத்தோடு சேர்த்து அனுப்புங்கள். நெடுநல்வாடை நடத்தும் வகுப்பிலேயே இதனைச் செய்யலாம். கயிறிட்டு மனை வகுத்தார் என்பதன் பொருள் அன்று மாணவர்க்கு உரை இன்றியே விளங்கும்.