சென்ட்ரலைசரும் நார்மலைசரும்: குலக் கோட்பாட்டின் மூன்று பள்ளிகள்

பெரிய குலத்தை அறிய அதன் சிறிய உட்குலம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் சுற்றத்தை ஆராய்வது குலக் கோட்பாட்டின் தலையாய மரபு. உட்குலத்தின் ஒவ்வோர் உறுப்போடும் பரிமாற்று விதிப்படி ஒத்துப்போகும் உறுப்புகளின் தொகுப்பு சென்ட்ரலைசர். உட்குலத்துக்குள் உறுப்புகளை இடம் மாற்றினாலும் உட்குலத்தை மொத்தமாகக் காப்பவற்றின் தொகுப்பு நார்மலைசர்.

நான்கு பொருள்களின் வரிசைமாற்றங்கள் 24. அவற்றில் இரண்டிரண்டு பொருள்களை ஒரே சமயத்தில் இடம் மாற்றுபவை மூன்று. எதையும் இடம் மாற்றாத சமனியோடு சேர்ந்து அவை நான்கு உறுப்புள்ள உட்குலமாகின்றன. அதன் நார்மலைசர் 24 உறுப்புகளும் கொண்ட முழுக்குலம். சென்ட்ரலைசரோ அந்த நான்கே. 24ஐ 4ஆல் வகுத்தால் 6. அந்த மூன்று உறுப்புகளையும் தமக்குள் இடம் மாற்ற உள்ள வழிகளும் ஆறுதான், ஒன்றுகூட விடுபடவில்லை.

முதல் பள்ளி எண்ணிக்கைப் பள்ளி. நார்வேயில் பள்ளி ஆசிரியராக இருந்த சைலோ 1872இல் வெளியிட்ட தேற்றங்கள் அதன் அடித்தளம். மேற்கண்ட குலத்தில் மூன்று உறுப்புள்ள உட்குலத்தின் நார்மலைசருக்கு ஆறு உறுப்புகள். ஆகவே அத்தகைய உட்குலங்கள் 24/6, அதாவது நான்கு. ஃப்ரொபேனியஸும் பர்ன்சைடும் இந்த வழியை வளர்த்தார்கள்.

இரண்டாவது, பிரௌவரின் சென்ட்ரலைசர் பள்ளி. தன்னோடு தானே பெருக்கினால் சமனியாகிவிடும், சமனியல்லாத உறுப்பு இன்வலூஷன். சமனியையும் முழுக்குலத்தையும் தவிர, தன் நார்மலைசர் முழுக்குலமாகும் உட்குலம் எதுவும் இல்லாத குலம் எளிய குலம். ஓர் இன்வலூஷனின் சென்ட்ரலைசர் இன்னதென்று தெரிந்தால், அதைக் கொண்ட முடிவுறு எளிய குலங்கள் எண்ணிக்கையில் முடிவுறுபவையே என்று பிரௌவரும் ஃபவுலரும் 1955இல் நிறுவினார்கள். 120 உறுப்புள்ள ஒரு சென்ட்ரலைசரிலிருந்து தொடங்கிய யாங்கோ, 1960களின் நடுவில் 1,75,560 உறுப்புள்ள புதிய எளிய குலத்தைக் கண்டார்.

ஒற்றை எண்ணிக்கையில் உறுப்புகளுள்ள குலத்தில் இன்வலூஷனே கிடையாது. அங்கே பிரௌவரின் வழி அடைபடுகிறது. அதைத் திறந்தது மூன்றாவதான தாம்ப்சனின் பள்ளி: உறுப்புகளின் எண்ணிக்கை பகா எண்ணின் அடுக்காக உள்ள உட்குலங்களின் நார்மலைசர்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அதன் முறை. 1963இல் ஃபெய்ட், தாம்ப்சன் இருவரும் 255 பக்கங்களில் ஒற்றை எண்ணிக்கையில் உறுப்புகளுள்ள முடிவுறு குலங்கள் யாவும் தீர்வுறு குலங்களே, அதாவது பரிமாற்றுக் குலங்களால் படிப்படியாகக் கட்டப்பட்டவையே, என்று நிறுவினார்கள்.

இந்த மரபின் அளவுகோல் கடுமையானது. முடிவுறு எளிய குலங்களின் வகைப்பாடு முடிந்தது என்று 1980களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. ஆனால் குவாசித்தின் எனப்படும் ஒரு வகைக் குலங்கள் பற்றிய பகுதியில் இடைவெளி இருந்தது. ஆஷ்பாக்கரும் ஸ்மித்தும் 2004இல் இரு தொகுதிகளாக, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதி அதை நிரப்பினார்கள். அறிவிப்பு வேறு, நிறுவல் வேறு என்பதை இந்தத் துறை தன் உழைப்பாலேயே காட்டியிருக்கிறது.

இந்தப் பெரிய பணிகளின் வாசல் சிறியதுதான். 24 உறுப்புள்ள அந்தக் குலத்துக்கு மொத்தம் 30 உட்குலங்கள். மாணவர்கள் அவை ஒவ்வொன்றின் சென்ட்ரலைசரையும் நார்மலைசரையும் கைப்படக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தேற்றங்களை மனப்பாடம் செய்வதைவிட அந்தப் பயிற்சி அதிகம் கற்றுத்தரும்.