கையொப்பம் சரி, கடிதம் எங்கே?

மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982இல் வகுத்தவர்கள், அனுப்புபவர் தன் பெயரைப் பொய்யாகச் சொல்வார் என்று நினைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவைதான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். ஒரு டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். அஞ்சலோடு போகும் டிஜிட்டல் கையொப்பம் டிகிம். இரண்டில் ஒன்றுகூட, நம் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியோடு பொருந்தவில்லை என்றால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க்.

நாளொன்றுக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது. யாஹூவும் கூடவே வந்தது. விளம்பர அஞ்சலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பதும் விதி. மொத்தத்தில் உருப்படியான விதி இதுதான் என்பேன். விலக வழி தெரியாத எரிச்சலில்தான் பலர் ‘ஸ்பேம்’ பொத்தானை அமுக்குகிறார்கள்.

ஆனால் இந்த மூன்றும் அனுப்பியது யார் என்றுதான் சொல்லும். அவர் யோக்கியரா என்று சொல்லாது. புது டொமைன் வாங்கும் மோசடிக்காரரும் இவற்றை ஒரே நாளில் பிசகில்லாமல் அமைத்துவிடுவார். டிமார்க்கில் ‘ஒன்றும் செய்யாதே’ என்று எழுதி வைத்தாலும் விதிக்குப் போதும். போலி அஞ்சலை அது தடுக்காது. நேர்மையான அஞ்சலும் வழியில் அடிபடும். பழைய கல்லூரி முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தால், கல்லூரி சர்வர் அனுப்புநரின் பட்டியலில் இல்லாததால் எஸ்பிஎஃப் தோற்றுப்போகும். டிகிம் இருந்தால் பிழைக்கும். நடுவில் யாரும் அடிக்குறிப்பு சேர்க்காத வரைக்கும்.

ஆகவே தீர்ப்பு அனுப்புநரின் நற்பெயர் கைக்குப் போகிறது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது ஜிமெயில். லட்சம் பேருக்கு அனுப்பும் கடைக்கு இது நியாயமான அளவு. 400 வாசகருக்கு அனுப்பும் சிற்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் அமுக்கினால் 0.25, இருவர் அமுக்கினால் 0.5. அந்த இருவருமே விலகும் பொத்தான் என்று நினைத்து அமுக்கியிருக்கலாம். நிலவரம் பார்க்க கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ், அனுப்பும் அளவு குறைவாக இருந்தால் வெறுமையாகவே நிற்கும். எதிர்முனை சர்வரோ ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதில் சொல்லிவிட்டு அஞ்சலை ஸ்பேமில் போடும். அனுப்பியவர் கணக்கில் அது போய்ச் சேர்ந்த அஞ்சல்.

சலித்துப்போய், இப்படிப்பட்ட சிற்றிதழ்க்காரர்கள் சொந்த சர்வரை மூடிவிட்டுப் பெரிய அஞ்சல் சேவை ஒன்றுக்குப் போகிறார்கள். அங்கே மலிவான திட்டத்தில் கிடைப்பது பலருக்கும் பொதுவான ஐபி முகவரி. அதே முகவரியில் இருந்து அனுப்பும் முன்பின் தெரியாத ஒருவர் சேட்டை செய்தாலும் சிற்றிதழின் பெயர்தான் கெடும்.