டோபா மட்டும் போதுமா?

பாறைச் சிப்பியைக் கையால் பிய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசில் வராது. அலை அடித்துக்கொண்டிருக்கும்போதே, உப்புநீருக்குள்ளேயே, சில நிமிடங்களில் தன் நார் ஒன்றைப் பாறையில் ஒட்டிவிடுகிறது. நம் பசைகளோ ஈரம் கண்டாலே தோற்கின்றன. பசை போய்ச் சேருமுன் தண்ணீர் இடத்தைப் பிடித்துவிடுகிறது.

1981இல் ஹெர்பர்ட் வெய்ட்டும் மார்வின் டான்சரும் சிப்பியின் ஒட்டுப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் இருப்பதைக் கண்டு சொன்னார்கள். அதன் ஒட்டும் பகுதியான கேட்டிகால் வளையத்தைக் கையில் கிடைத்த பாலிமர்களில் எல்லாம் கோப்பது அதன்பின் வழக்கமாயிற்று. லாபம் உண்மையானதுதான். 1 கிராம் புரதம் எடுக்கச் சுமார் 10,000 சிப்பிகள் வேண்டியிருந்த நிலையில், பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜோனதன் வில்கர் சாதாரண ஸ்டைரீன் சங்கிலியில் கேட்டிகாலைக் கோத்தே நீருக்கடியில் ஒட்டிக் காட்டினார்.

சிக்கலும் அதே வளையத்தில்தான். கடல்நீரின் காரத்தன்மையில் ஆக்சிஜன் பட்டால் டோபா குவினோன் ஆகிவிடும். அப்படி மாறிய மூலக்கூறு டைட்டானியத்தைப் பற்றும் வலிமையைப் பெருமளவு இழக்கிறது என்று 2006இலேயே அளந்து காட்டினார்கள். ஆனால் பசை உள்ளே இறுகவும் அதே மாற்றம் வேண்டும்! சிப்பி இதை வளையத்தை மட்டும் நம்பிச் சமாளிக்கவில்லை. காலைக் கிண்ணம்போல் பாறையில் கவிழ்த்து, உள்ளே அமிலச் சூழலை உண்டாக்குகிறது. கந்தகம் மிகுந்த இன்னொரு புரதத்தால் டோபாவைப் பழைய நிலைக்கு மீட்கிறது. டோபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பாறை மேலுள்ள உப்பு அயனிகளை விலக்கி வழிவிடுவதை 2015இல்தான் புரிந்துகொண்டோம். ஆக, நாம் நகலெடுத்தது சரக்கை, பக்குவத்தை அல்ல.

'சிப்பியை மிஞ்சிய பசை' என்ற தலைப்புகள் எனக்கு உறுத்துவது இதனால்தான். பெரும்பாலும் சோதனை நடப்பது துடைத்து மெருகேற்றிய உலோகத் தகட்டில். கடற்பாறையிலோ பாசியும் வழுவழுப்பும் படிந்திருக்கும். மேலும், சிப்பி ஒரே ஒட்டில் பலம் தேடுவதில்லை. பல நார்களை வீசி, அவை நீண்டு கொடுப்பதால் அலையின் இழுப்பைத் தாங்குகிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு இவ்வளவு விசை என்ற ஒற்றை எண்ணில் அந்தக் கெட்டிக்காரத்தனம் பிடிபடாது.

அறுவைக் காயத்தை மூடவும் பவளத்துண்டுகளைப் பதிக்கவும் இந்தப் பசைகள் வரட்டும், வேண்டியவைதான். ஆனால் அடுத்த முறை இப்படியொரு செய்தி கண்ணில் பட்டால் இரண்டைத் தேடுங்கள்: எந்தப் பரப்பில் ஒட்டினார்கள், எத்தனை மாதம் நீருக்குள் விட்டுவைத்தார்கள்?