வெளிச்சமே சுவிட்ச்

கரிசல்காட்டு ஊரான எம்.ரெட்டியபட்டியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. ஆனால் உள்ளறைச் சூரிய மின்கலத்துக்கு அந்த வெயிலால் பயனில்லை. ஜன்னல் வழியாகவும் டியூப் லைட்டிலிருந்தும் கிடைக்கும் வெளிச்சம்தான் அதற்குத் தீனி.

ஒரே கலத்தை மின்சாரம் தரவும் கருவிக்கு உத்தரவிடவும் பயன்படுத்தும் உத்தி நமக்குப் பழகியதுதான். பல சோலார் தெருவிளக்குகளில் தனி சென்சார் கிடையாது. பொழுது சாய்ந்து பேனலின் மின்னழுத்தம் இறங்கியதும் கண்ட்ரோலர் விளக்கைப் போட்டுவிடும். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இதை இன்னும் நுட்பமாக்கினர். கலத்தின் மேல் கையசைக்கும்போது மின்னோட்டம் ஏறி இறங்குவதைக் கொண்டே சைகையை இனங்கண்டனர்.

இதன் பலம் சிக்கனம். சென்சாருக்கெனத் தனி மின்சாரம் வேண்டாம். தீர்ந்த பென்சில் பேட்டரிகள் குப்பைக்குப் போகா. சாம்சங் 2021-இல் அறை வெளிச்சத்திலேயே சார்ஜ் ஏறும் டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தது. திருவனந்தபுரத்தின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் சாயத்தால் ஒளியை ஈர்க்கும் கலங்களை உள்ளறைக்கென்றே உருவாக்கிவருகிறது.

பலவீனம் அளவில் இருக்கிறது. உச்சிவெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். விளக்கெரியும் கூடம் சில நூறு லக்ஸ்தான். 200 லக்ஸில் தீப்பெட்டி அளவுள்ள சாதாரண உள்ளறைக் கலம் தருவது ஏறக்குறைய 100 மைக்ரோவாட். சேர்த்துவைத்தால் ரிமோட் பட்டனுக்கு அது போதும். 75 வாட் மின்விசிறியைச் சுற்ற அப்படி ஏழரை லட்சம் கலங்கள் வேண்டும். ஆக, கலம் விசிறிக்கு உத்தரவிடலாம். விசிறியை ஓட்ட முடியாது.

அந்த உத்தரவிலும் சிக்கல் உண்டு. தெருவிளக்குக்கு இருள் ஒன்றே சேதி. இரவுக்கு வேண்டியதைப் பகலிலேயே பேட்டரியில் சேர்த்துவிடுகிறது. அறைக்குள் விழும் நிழலோ கலத்துக்குக் கட்டளையாகவும் பட்டினியாகவும் வருகிறது. விளக்குக்குக் கீழே சுழலும் விசிறியின் இறக்கை நிழலையும் கையசைப்பையும் பிரித்தறிய வேண்டும். வெக்கைக்கு அஞ்சி நண்பகலில் ஜன்னலைச் சாத்தும் கரிசல்காட்டு வீட்டில், வெளியே வெயில் கொளுத்தும் நேரத்தில்தான் உள்ளே வெளிச்சம் குறைவு. கரண்ட் போன இரவில் கொஞ்ச நஞ்சமும் இல்லை.

எனவே ரிமோட், சுவர்க் கடிகாரம், வெப்பமானி போன்ற சிறு கருவிகளுக்கு இந்த முறை பொருந்தும். கதவுப் பூட்டு, அவசர மணி ஆகியவற்றை இதை மட்டும் நம்பி விடக்கூடாது. சேமித்த மின்சாரமும் கையால் போடும் சுவிட்சும் கூடவே வேண்டும். ‘பேட்டரி தேவையில்லை’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிடுபவர்கள், எத்தனை லக்ஸில், எத்தனை மணி நேர இருட்டுவரை வேலை செய்யும் என்பதையும் அச்சிட்டால்தான் வாங்குபவர் தன் வீட்டுக்கு அது ஆகுமா என்று கணக்குப் பார்க்க முடியும்.