நட்சத்திரமும் மற்ற நால்வரும்

கோடை விடுமுறை வந்தால் கோயம்புத்தூர் கூடைப்பந்து ரசிகர்களுக்கு மாலை வேளை முழுக்க வ.உ.சி. பூங்கா பக்கம்தான். அங்கே மாநகராட்சி மைதானத்தில் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி உள்ளரங்கில் பி.எஸ்.ஜி. கோப்பை நடக்கும். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ராணுவம், கடற்படை, கேரள மின்வாரியம் என்று நாட்டின் வலுவான அணிகள் இந்த ஊருக்கு வந்து ஆடியிருக்கின்றன. அவற்றைப் பார்த்தே வளர்ந்த ஊர் என்பதால் இங்கே கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆட்டம் தெரியும். அவர்களிடமும் ஒரு நம்பிக்கை உறுதியாக இருக்கிறது: "அந்த ஒரு பையன் இருந்தா போதுங்க, கப்பு நமக்குத்தான்."

பள்ளி, கல்லூரி அணிகள் இந்த நம்பிக்கையின் மேல்தான் கட்டப்படுகின்றன. உயரமான ஒரு பையனைத் தேடிப் பிடிப்பது, கட்டணமும் ஹாஸ்டலும் மெஸ்ஸும் இலவசமாகக் கொடுப்பது, பிறகு பந்தை எல்லாம் அவன் கைக்கே அனுப்புவது. இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஏனென்றால் குழு ஆட்டங்களில் தனி ஆளின் பலம் இவ்வளவு தூரம் செல்லுபடியாவது கூடைப்பந்தில்தான். களத்தில் ஐந்தே பேர். கிரிக்கெட்டில் சிறந்த பேட்ஸ்மேன் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸில் அவர் வேலை முடிந்தது. கொங்குக் கிராமங்களில் நன்றாக வேரூன்றிய வாலிபாலில் ஒருவரே பந்தை அடுத்தடுத்து இரண்டு முறை தொட விதி அனுமதிக்காது. எவ்வளவு பெரிய ஸ்பைக்கராக இருந்தாலும் செட்டர் பந்தைத் தூக்கிக் கொடுத்தாக வேண்டும். கூடைப்பந்தில் அந்தத் தடை இல்லை. ரீபவுண்டைப் பிடித்தவரே டிரிபிள் செய்துகொண்டு எதிர்க் கூடைக்குப் போய் லே-அப் போட்டுவிடலாம். அவர் ஒருவரே வெல்கிறார் என்ற எண்ணம் பார்ப்பவர்களுக்கு வருவது இதனால்தான்.

அந்த எண்ணம் உடைவது தடுப்பாட்டத்தில். ஒருவர் தனியாக முப்பது புள்ளி எடுக்கலாம்; தனியாக ஐந்து பேரைத் தடுக்க முடியாது. நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரைக் காவல் காத்தால் மற்ற நால்வரை நம் அணியின் மற்ற நால்வர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் இந்தப் பக்கம் எடுத்த முப்பதும் அந்தப் பக்கம் கரைந்துபோகும். கேலரி ஸ்கோரை எண்ணுகிறது. தடுத்த ஷாட்டையும் அடைத்த வழியையும் எண்ணுவதில்லை.

ஒரு ஆட்டத்தை வெல்வதற்கும் கோப்பையை வெல்வதற்கும் நடுவே இன்னொரு பெரிய தூரம் இருக்கிறது. எட்டு அணிகள் இரண்டு பிரிவாக ஆடும் லீக்-நாக் அவுட் போட்டியில், கோப்பை வேண்டுமென்றால் மூன்று லீக் ஆட்டம், அரையிறுதி, இறுதி என்று அடுத்தடுத்த நாள்களில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். முதல் இரண்டு நாள் நட்சத்திரப் பையனின் கொடி பறக்கும். மூன்றாம் நாளுக்குள் எதிரணிக் கோச்சுகள் அவனை நன்றாகப் படித்துவிடுவார்கள். அரையிறுதியில் நால்வர் கூடையைச் சுற்றிக் கட்டமாக நிற்க, ஒருவர் மட்டும் அவனை நிழல்போல ஒட்டுவார். 2019 என்.பி.ஏ. இறுதித் தொடரில் டொரான்டோ, ஸ்டெஃபன் கரியையே இப்படித்தான் மடக்கப் பார்த்தது. நம் நட்சத்திரத்திடமிருந்து பந்து கைமாறி வெளியே வருகிறது. வாங்கியவன் தனியாக நிற்கிறான். ஆனால் வருடம் முழுக்க ஷாட் எடுக்கவே விடப்படாத பையன் அவன். கூடையைப் பார்க்காமல் பந்தை மறுபடி நட்சத்திரத்துக்கே திருப்பிக் கொடுக்கிறான். கடைசிக் குவார்ட்டரில் பாருங்கள், நட்சத்திரத்தின் ஃப்ரீ த்ரோ ரிம்மின் முன்விளிம்பில் பட்டுக் கீழே விழும். கைக்கு அளவு தெரியாமல் இல்லை, காலில் வலு தீர்ந்துவிட்டது. ஐந்தாவது ஃபவுல் விழுந்தால் அதோடு அவன் பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான். அதற்கு மேல் அந்த அணிக்கு ஆட்டமே தெரியாது.

உலக அளவிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அன்று பாஸ்டனில் மைக்கேல் ஜோர்டன் 63 புள்ளி எடுத்தார். இரண்டு முறை கூடுதல் நேரம் போன அந்த ஆட்டத்தில் அவருடைய சிகாகோ அணி 131-135 என்று தோற்றது. தொடரையும் 0-3 என்று இழந்தது. அவருக்கு முதல் கோப்பை 1991-இல்தான் கிடைத்தது, ஸ்காட்டி பிப்பன் வந்து, ஃபில் ஜாக்சன் பந்தைப் பகிர்ந்தாடும் முறையை அணிக்குப் பழக்கிய பிறகு. 1991 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஜான் பாக்ஸன் 20 புள்ளி எடுத்தார்.

வில்ட் சேம்பர்லின் கதை இன்னும் தெளிவானது. 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. அந்த ஆண்டு கோப்பை பாஸ்டனுக்குப் போனது. 1966-67-இல் அவர் ஷாட் எடுப்பதைக் குறைத்தார். சராசரி 24.1-க்கு இறங்கியது, மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்த அசிஸ்ட் 7.8 ஆனது. அந்த ஆண்டுதான் முதல் முறையாகச் சாம்பியன்.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1994-இல் ஹூஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்த ஹக்கீம் ஒலாஜுவான், அந்த ஆண்டு அணியில் இருந்த ஒரே ஆல்-ஸ்டார். 'தனி ஆள் வெல்வான்' என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் அவரை இருவர் மூவர் சூழ்ந்தபோது வெளியே வந்த பந்தை மூன்று புள்ளியாக மாற்ற ஆள் இருந்தது. நியூயார்க்கில் நடந்த மூன்றாம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் திருப்புமுனை ஷாட்டைப் போட்டவர் சாம் கசெல், அணிக்குப் புதிதாக வந்த ஆட்டக்காரர்.

நம் நாட்டில் கீது அன்னா ஜோஸ். கேரளத்தில் பிறந்து தெற்கு ரயில்வேயில் ஆடியவர், 2011-இல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போய்வந்தவர். ரயில்வே சட்டையில் தேசியப் பட்டங்களை வென்றார். இந்தியச் சட்டையில் அதே கீது, அதே கைத்திறன். ஆசியப் போட்டியில் முதல் நான்கு இடத்துக்குள் அணி வரவில்லை. இரண்டு அணிகளின் ஆழமும் எதிரணிகளின் தரமும்தான் வேறு.

ஒரே பையனை நம்பும் இந்த முறைக்கு ஆதரவாகப் பள்ளி ஆசிரியர்கள் சொல்லும் நியாயத்தை நான் மதிக்கிறேன். மாநில அளவில் பதக்கம் கிடைத்தால் சான்றிதழ் அணியிலுள்ள பன்னிரண்டு பேருக்கும்தான். பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டுப் பிரிவில் 500 இடங்கள் இருக்கின்றன. ஒரு கெட்டிக்காரப் பையனால் விவசாயக் குடும்பத்துப் பையன்கள் சிலருக்குக் கல்லூரிக் கதவு திறக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. என் ஆதங்கம் அந்தப் பதினோரு பேரைப் பற்றியது. சான்றிதழ் கைக்கு வருகிறது, ஆட்டம் வருவதில்லை. நட்சத்திரத்துக்கும் நன்மை இல்லை. பதினாறு வயதில் எல்லா ஆட்டத்திலும் நாற்பது நிமிடமும் ஓடும் முழங்கால், வங்கி அணிக்கான தேர்வு வரும்போது என்ன நிலையில் இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

இதை மாற்றப் பெரிய பணம் வேண்டாம். மாவட்ட அளவில், பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டங்களில் மட்டும் ஒரு விதி போடலாம்: பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முழுக் குவார்ட்டர் ஆட வேண்டும். நாற்பது நிமிட ஆட்டத்தில் ஐந்து பேருக்கு மொத்தம் 200 நிமிடம். பன்னிரண்டு பேருக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்தால் 120 போய்விடும். மீதி 80-ஐக் கோச் தன் விருப்பம்போல் பிரித்துக்கொள்ளலாம். அதில் 30-ஐ நட்சத்திரத்துக்கே கொடுத்தாலும் இன்னும் 50 கையில் இருக்கும்.