முடிவை முன்பே எழுதும் சோதனை

நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் தவறாமல் நடைபெறும் அறிவியல் சோதனை ஒன்று உண்டு. தட்டில் நீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்ப்பார்கள். சுடர் அணையும், குவளைக்குள் நீர் ஏறும். மாணவர் உடனே ஏட்டை எடுத்து, ‘உயிர்வளி தீர்ந்தது, அவ்விடத்தை நீர் நிரப்பியது’ என்று எழுதுவர். ஏறிய நீர் ஐந்தில் ஒரு பங்கு என அளவும் சேர்ப்பதுண்டு. கடைகளில் விற்கும் பயிற்சி நூல்கள் சிலவற்றிலும் இவ்விளக்கமே அச்சாகி நிற்கிறது.

இவ்விளக்கம் தவறு. உயிர்வளி முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது. செலவான உயிர்வளிக்கு ஈடாகக் கரிவளியும் நீராவியும் உண்டாகின்றன. சுடரால் சூடேறி விரிந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்குப் பெருங்காரணம். இதை அறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு வத்திக்குப் பதிலாக மூன்று வத்திகளை ஏற்றி, அதே குவளையைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். நீர் கூடுதலாக ஏறும். அப்படியானால் குவளைக்குள் இருந்த உயிர்வளி பெருகிவிட்டதா? மேலும், சுடர் அணைந்த பின்னரே நீர் விரைந்து ஏறுவதைக் கண்ணுள்ள பிள்ளை எவரும் காணலாம். ஆனால் காண்பதில்லை. முடிவுதான் முன்பே கரும்பலகையில் எழுதப்பட்டுவிடுகிறதே!

குற்றம் நூலாசிரியர்களுடையது மட்டும் அன்று. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவன் ஒருவன் பச்சைப் பயற்றை இரண்டு குவளைகளில் ஊன்றி, ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்தான். ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, “சார், அலமாரியில வச்சதுதான் உயரமா இருக்கு” என்றான். வெயிலில் வைத்த செடியே நன்கு வளரும் என்பது புத்தகத்தின் முடிவு. “புத்தகத்துல உள்ளபடி எழுதுப்பா” என்றேன். அவன் தான் அளந்த அளவை அழிப்பானால் அழித்துவிட்டு, நான் சொன்னதை எழுதினான்.

அவன் அளந்தது சரி. இருட்டில் முளைத்த நாற்று, விதையிலுள்ள உணவைக் கொண்டே ஒளியைத் தேடி வெளிறி நீள்கிறது. இலை சிறுத்து மஞ்சளித்துக் கிடக்கும். அப்படியானால் ‘வளர்ச்சி’ என்பதை உயரத்தால் அளப்பதா, இலையால் அளப்பதா, எடையால் அளப்பதா? அறிவியலின் வாயிலில் நிற்கும் கேள்வி அது. ஒன்பது வயதுப் பிள்ளை அதை என் மேசைக்கே கொண்டுவந்தான். நானோ பொய் எழுதக் கற்றுக்கொடுத்தேன். உற்றறிதல், கருதுகோள், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று கலைத்திட்டம் அடுக்கும் சொற்களை நான் மனப்பாடமாக அறிந்திருந்தும் இப்படி நடந்தது. தேர்வுக்காக என்று அன்று சாக்குச் சொல்லலாம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின் அந்தச் சாக்கும் இல்லை.

எல்லாரும் நம்பிய விடையை ஒருவர் சோதித்துப் பார்த்ததால் நம் தோட்ட வாழ்க்கையே மாறிய வரலாறு ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு நாம் அதைச் சொல்வதில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டு ஆன்றி பொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையைப் பயிரிட்டார். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் அதுவே. (பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை!) செம்பனைப் பூவுக்கு மகரந்தம் காற்றால் வருகிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. இங்குக் காய்ப்புக் குறைந்தபோது, மகரந்தத்தை முகப்பூச்சு மாவு போன்ற தூளில் கலந்து கையால் தூவினார்கள். என் தாயார் அந்த வேலைக்குப் போய்வந்த நாள்களில், அவருடைய சட்டையில் சோம்பு வாசம் வீசும். செம்பனைப் பூவின் வாசம் அது.

ஆப்பிரிக்காவின் கேமரூனில் கையால் தூவாமலே காய்ப்பு நன்றாயிருந்ததை லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிருவாகி கவனித்திருந்தார். காரணம் பூச்சியாக இருக்கலாம் என ஐயுற்றார். ரகுமான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் 1970களின் இறுதியில் அங்குச் சென்று, பூச்சி அணுகாதபடி மறைத்த பூங்குலைகளையும் மறைக்காதவற்றையும் ஒப்பிட்டார். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. சின்னஞ்சிறு கூன்வண்டுகளே பெரும்பணி செய்தன. அலமாரியில் ஒன்று, சன்னலில் ஒன்று என்று வைத்த பயற்றுக் குவளைகளுக்கும் இதற்கும் முறையில் வேற்றுமை ஏதுமில்லை.

வண்டு கிடைத்தவுடன் யாரும் அதைப் பறக்க விட்டுவிடவில்லை. செம்பனையன்றிப் பிற பயிர்களிலும் அது பெருகுமா என்று சோதித்தார்கள்; நோய் எதையும் சுமந்து வராதபடி தனிமைக் காப்பில் வைத்து வளர்த்தார்கள். அதன் பின்னரே, 1981 பிப்ரவரியில், ஜொகூர் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் விட்டார்கள். காய்ப்பு உயர்ந்தது, கைத்தூவல் வேலை நின்றது. அந்த வேலையை நம்பியிருந்த பெண்களின் கூலியும் அதோடு நின்றது என்பதை மறைப்பதற்கில்லை.

‘நான் நினைப்பது தவறானால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியே அவர்களைக் காத்திருக்கச் செய்தது. பாதுகாப்பு என்பதும் அக்கேள்வியிலிருந்து பிறப்பதே. நம் நூல்களிலோ அது கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிய பட்டியலாகக் கிடக்கிறது. சாராய விளக்கு எரியும்போதே அதில் எரிசாராயம் ஊற்றும் ஆசிரியரைக் கண்டிருக்கிறேன். பட்டியலை அவர் ஒப்பிக்கவும் வல்லவர். தோட்டப் புறத்துக்கென்றே உரிய ஆபத்தும் உண்டு. சோதனைக்குப் பழைய புட்டி கொண்டுவரச் சொன்னால், களைக்கொல்லி இருந்த புட்டியைப் பிள்ளை கழுவி எடுத்து வரக்கூடும். பராகுவாட் 2020இல் தடை செய்யப்பட்டதால் மற்றப் புட்டிகள் நல்லவையாகிவிடவில்லை. குவளைகளைப் பள்ளியே கொடுப்பது நல்லது. வத்தியை ஆசிரியரே ஏற்ற வேண்டும். கூந்தலைப் பின்னிக் கட்டச் சொல்லி, ஈரத்துணியும் மணல் வாளியும் பக்கத்தில் வைத்த பிறகே ஏற்ற வேண்டும்.

அவ்வாறு செய்துகொண்டு, மூன்று வத்திச் சோதனையை அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நடத்தினேன். முடிவு என்ற இடத்தை ஏட்டில் காலியாக விடச் சொன்னேன். ஒரு மாணவி, “சார், குவளைய வெந்நீர்த் துணியால சூடாக்கிக் கவுத்தா, வத்தி இல்லாமலே தண்ணி ஏறுமா?” என்று கேட்டாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. மறுநாள் குவளையை நானே சூடாக்கிக் கவிழ்த்தேன். சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு நீர் ஏறியது, கொஞ்சந்தான். எவ்வளவு என்று அவள் அடிக்கோலை வைத்து அளந்தாள்.